அண்மைக்காலத் தீர்ப்புகள்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

கடந்த சில ஆண்டுகளில் நமது நீதிமன்றங்கள் வழங்கிய முக்கிய தீர்ப்புகள் சிலவற்றையும், அவற்றிலிருந்து நாம் பெற வேண்டிய பாடங்களையும் இங்கு தொகுத்துத் தருகிறேன்.

1. அடிப்படை உரிமை

உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு உயரதிகாரிகளும் தமது சொந்தப் பணத்திலிருந்து செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். பதவி எவ்வளவு உயர்ந்ததாயினும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பதே இதன் சாரம்.

ஆனால் எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. கட்டாய ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்க 2020 டிசம்பர் 1ஆம் திகதி அதே நீதிமன்றம் மறுத்தது. அதன் பின்னர்தான் பிறந்து 20 நாட்களேயான சிசுவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, காரணங்கள் எழுதப்பட்ட தீர்ப்பு மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

2. பயங்கரவாதத் தடைச் சட்டம்

'நவரசம்' கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதான இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றமற்றவர் என்று சொல்ல மூன்றரை வருடங்கள் எடுத்தன. அதில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் தடுப்பிலேயே கழிந்தது.

3. வெறுப்புப் பேச்சு

2016இல் முஸ்லிம்களுக்கு எதிராகத் தெரிவித்த கருத்துக்களுக்காக கலகொட அத்தே ஞானசார தேரருக்கு 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் நான்கு வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் பின்னர் மேன்முறையீட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். இஸ்லாத்தை அவமதித்த மற்றொரு வழக்கில் 2025 ஜனவரியில் ஒன்பது மாதத் தண்டனை வழங்கப்பட்டது. தாமதமானாலும், முறைப்பாடும் சாட்சியமும் இருந்தமையாலேயே இது சாத்தியமானது.

4. குடும்பச் சட்டம்

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவில்லை என்பதால் மட்டும் நிக்காஹ் செல்லாததாகிவிடாது. எனினும் பதிவில்லாத பெண், தாபரிப்புக் கோரும்போது திருமணத்தையே நிரூபிக்க அலைய நேரிடும். எனவே நிக்காஹ் அன்றே பதிவு செய்யுங்கள். காழியின் தீர்ப்பில் திருப்தியில்லாவிட்டால் காழிகள் சபைக்கும், அங்கிருந்து அனுமதியுடன் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம். காழியின் சொல்லே இறுதி என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

மறக்கக்கூடாத ஒரு மாதம்

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடந்ததற்கான ஆதாரத்தையும் நீதிமன்றம் கேட்கும்.

நியாயம் நம் பக்கம் இருந்தும் திகதி தவறியதால் தோற்பது மிகக் கொடிய தோல்வி. பள்ளிவாசல் நிர்வாகங்கள் இந்த ஒரு விடயத்தையாவது ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தால், எத்தனையோ குடும்பங்கள் பயனடையும்.