வாடகை மகிழுந்துக்கான கடனட்டைக் காப்பீடு

வாடகை மகிழுந்துக்கான கடனட்டைக் காப்பீடு என்பது, கடனட்டை மூலம் வாடகைக்கு எடுக்கப்படும் மகிழுந்து மோதலால் சேதமுற்றாலோ திருடப்பட்டாலோ அவ்விழப்பை ஈடுசெய்யும் காப்பீடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்படும் அட்டைகள் பலவற்றில் இவ்வசதி உண்டு. பிறருக்கு ஏற்படும் காயமும் சொத்துச் சேதமும் இதில் அடங்கா.

செயற்படும் முறை

வாடகை வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பொதுவாக வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பாவார். நாட்கணக்கில் கூடுதல் கட்டணம் பெற்று வாடகை நிறுவனம் இப்பொறுப்பை விட்டுக்கொடுப்பது மோதல் சேத விலக்கு எனப்படும். கடனட்டைக் காப்பீடு இதற்கு மாற்றாகும். பொதுவான நிபந்தனைகள்:

- வாடகையை அந்த அட்டையிலேயே செலுத்த வேண்டும்.
- ஒப்பந்தம் அட்டைதாரரின் பெயரில் இருக்க வேண்டும்.
- நிறுவனத்தின் மோதல் சேத விலக்கை ஏற்கக் கூடாது.
- வாடகைக் காலம் வரம்புக்குள் இருக்க வேண்டும். விசா அட்டைகள் பலவற்றில் இது வசிக்கும் நாட்டில் 15 நாட்கள், வெளிநாட்டில் 31 நாட்கள்.

வகைகள்

முதன்மைக் காப்பீடு இழப்பை நேரடியாக ஈடுசெய்கிறது. இரண்டாம் நிலைக் காப்பீடு, அட்டைதாரரின் சொந்த வாகனக் காப்பீடு செலுத்தியது போக எஞ்சியதை மட்டும் ஈடுசெய்கிறது.

அடங்காதவை

இருசக்கர வண்டிகள், சரக்குந்துகள், பழங்கால வண்டிகள் ஆகியன பெரும்பாலும் அடங்குவதில்லை. மது அருந்தி ஓட்டியதாலோ, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டியதாலோ நேர்ந்த சேதத்துக்கும் ஈடு கிடைக்காது. சில திட்டங்கள் குறிப்பிட்ட நாடுகளை விலக்குகின்றன.

இந்தியப் பயணிகள்

அமெரிக்கர் பலரின் சொந்த வாகனக் காப்பீடு, உள்நாட்டில் அவர்கள் எடுக்கும் வாடகை வண்டிக்கும் பொருந்தும். இந்திய வாகனக் காப்பீடு குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு உரியது. எடுத்துக்காட்டாக, வலங்கைமானில் மகிழுந்து வைத்திருப்பவர் அமெரிக்காவிலுள்ள மகளைக் காணச் சென்று அங்கு வண்டி எடுத்தால், ஊரிலுள்ள காப்பீடு உதவாது. கூடுதல் கட்டணம் செலுத்தி அதன் எல்லையை நேபாளம், பூட்டான், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலைத்தீவு ஆகிய நாடுகளுக்கு நீட்டிக்கலாம்; அதுவும் அதே வண்டிக்கு மட்டுமே.

எனவே மூன்றாம் தரப்புப் பொறுப்பே இவர்களுக்குப் பெரிய இடராகும். இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆம் பிரிவு இக்காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அமெரிக்காவில் குறைந்தபட்சத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் 2025 முதல் இது ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர். பெரிய விபத்தின் மருத்துவச் செலவு இதை எளிதில் விஞ்சும். ஆதலால், கடனட்டைக் காப்பீடு இருப்பினும், கூடுதல் பொறுப்புக் காப்பீட்டைத் தனியே பெறுவது தேவையாகிறது.

செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இன்றி ஓட்டினாலும் ஈடு மறுக்கப்படலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் வழங்குகின்றன.

இவற்றையும் பார்க்க

- கடனட்டை
- வாகனக் காப்பீடு
- பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி