உப்புக்கும் வரி, கண்ணாலத்துக்கும் வரி! பல்லவர் காலத்தில் சாமானிய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கேளம்பாக்கத்தில் இருந்து கோவளம் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். உப்பங்கழி, பாத்தி பாத்தியாக உப்பளம், ஓரத்தில் வெள்ளைக் குவியல். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கடற்கரை காஞ்சிபுரத்தில் இருந்து ஆண்ட பல்லவர்களின் கையில் இருந்தது. அன்று உப்பு எடுப்பது அரசனின் உரிமை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது.

பல்லவர் என்றதும் நமக்கு மாமல்லபுரம் ரதங்களும் வாதாபிப் போரும்தான் ஞாபகம் வரும். அந்த ராஜ்ஜியத்தில் பானை செய்தவர், மாடு மேய்த்தவர், கள் இறக்கியவர் எப்படி இருந்தார்கள்? அவர்களைப் பற்றி அதிகம் பேசுவது சிற்பமோ காவியமோ இல்லை, வரிப் பட்டியல்.

வரி விலக்கில் இருந்து கிடைத்த வரிப் பட்டியல்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல்லவ அரசர்கள் பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் ஊர்களைத் தானமாகக் கொடுத்தபோது அதைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 'இந்த ஊரில் இன்னின்ன வரிகளை அரசன் வாங்க மாட்டான்' என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கும். தானம் தராத மற்ற ஊர்களில் அந்த வரிகள் எல்லாம் இருந்தன என்றுதானே அர்த்தம்?

சிவஸ்கந்தவர்மன் காலத்து (கி.பி. 4ஆம் நூற்றாண்டு) செப்பேடுகள் பிராகிருத மொழியில் இருக்கின்றன. தானம் கொடுத்த நிலத்தில் அரசு ஆட்கள் உப்புக்காகத் தோண்டக் கூடாது, மாற்றி மாற்றி வண்டி மாடு பிடிக்கக் கூடாது, புல், விறகு, காய்கறி, பூ எடுக்கக் கூடாது என்கின்றன. ஊருக்கு வரும் அதிகாரிக்குச் சோறு, பானை, கட்டில், தங்க இடம் கொடுக்கும் கட்டாயமும் அந்த ஊருக்கு இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கொடுத்தாக வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு குடியானவன் வீட்டு வாசலில் அதிகாரி வந்து நின்றால் கட்டில் யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பின்னால் வந்த செப்பேடுகளில் வரிகளுக்குத் தமிழ்ப் பெயர்களே வருகின்றன. குயவருக்குக் குசக்காணம். மாடு, ஆடு வளர்த்தவருக்கு இடைப்பூட்சி. நெசவாளருக்குத் தறிக்கூறை. எண்ணெய் ஆட்டும் செக்குக்கு வரி, தரகுக்கு வரி. கள் இறக்குபவர் கட்டியது ஈழப்பூட்சி. பழைய தமிழில் ஈழம் என்றால் கள் என்றும் பொருள் உண்டு. கல்யாணம் நடந்தால் கண்ணாலக்காணம். 'கண்ணாலம்' என்ற சொல் இன்றைக்கும் நம்ம பக்கத்து கிராமங்களில் புழங்குகிறது, வரிதான் போய்விட்டது.

அப்படியென்றால் தானம் பெற்ற ஊரில் இருந்த குயவருக்கு லாபமா? அவசரப்பட வேண்டாம். அரசன் வாங்கிவந்ததைத் தானம் பெற்றவர்களே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லும் செப்பேடுகளும் உண்டு. பானை செய்பவர் கையில் இருந்து காசு போவது நிற்கவில்லை, போய்ச் சேரும் இடம்தான் மாறியது.

ஆப்பிரிக்காவிலும் உப்புதான்

இது பல்லவர்களின் தனிப் பழக்கம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு பழைய பேரரசு இருந்தது. இன்றைய கானா நாடு வேறு. அந்தப் பேரரசு இருந்தது அதற்கு வடமேற்கே, இன்றைய மொரித்தானியா, மாலி பகுதியில். உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைப் பாரம் உப்புக்கும் ஒரு தங்க தினார், வெளியே போனால் இரண்டு தினார் என்று அந்த அரசன் வரி வாங்கியதாக 1068ல் அல் பக்ரி என்ற அரபு அறிஞர் எழுதியிருக்கிறார். தங்கக் கட்டி கிடைத்தால் அரசனுக்கு, தங்கத்தூள் மக்களுக்கு. பாலைவனமோ கடற்கரையோ, உப்பு இல்லாமல் யாராலும் சாப்பிட முடியாது என்பது இரண்டு அரசர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கள்ளுக்கடையும் ஒரு ராஜாவின் கிண்டலும்

7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங் அங்கே நூறு பௌத்த மடங்கள், 10,000 துறவிகள் இருந்ததாகவும், மக்கள் கல்வியை மதித்ததாகவும் குறிப்பிடுகிறார். ஆனால், ஊரின் இன்னொரு முகத்தைக் காட்டியவர் பல்லவ அரசர் முதலாம் மகேந்திரவர்மனேதான். அவர் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற சிரிப்பு நாடகத்தில், காஞ்சித் தெருவில் குடித்துவிட்டு ஒரு கபாலிகர் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறார். பழி பௌத்தத் துறவி மேல் விழுகிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். மடத்துக் காசைக் கொடுத்து நீதிமன்ற அதிகாரிகள் வாயை அடைத்துவிடலாம் என்ற பேச்சும் நாடகத்தில் வருகிறது. அந்த நீதிமன்றம் எழுதியவருடைய ஆட்சிக்குக் கீழே இருந்ததுதான்!

நேரில் பார்க்க முடியுமா?

கேளம்பாக்கத்தில் இருந்து திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போனால், அர்ச்சுனன் தபசு பாறைக்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. முன்னால் நிற்கும் தூண் மண்டபம் விஜயநகர காலத்தில் சேர்த்தது. உள்ளே பாறையில் இருக்கும் சிற்பம் பல்லவர் காலத்தது. கண்ணன் மலையைத் தூக்கி நிற்பதைத்தான் எல்லோரும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்து பால் கறக்கிறார், பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. தலையில் சுமையோடு பெண்கள் நிற்கிறார்கள். செப்பேட்டில் இடைப்பூட்சி கட்டியவர்கள் இப்படிப்பட்ட ஆட்கள்தான்.