நடுக்குவாதமும் உழைப்பாளர் உடலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நடுக்குவாதம் பற்றி 1817 இல் இலண்டனில் வெளிவந்த சிறுநூல், பெரும்பாலும் மருத்துவ வரலாற்றுக்குள் மட்டும் வைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. அதனை எழுதிய ஜேம்ஸ் பாக்கின்சன், 'ஓல்ட் ஹியூபேட்' என்ற புனைபெயரில் பாராளுமன்றச் சீர்திருத்தங் கோரித் துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர். கைவினைஞர் பெருமளவிற் பங்குகொண்ட இலண்டன் கொரஸ்பொண்டிங் சங்கத்தின் உறுப்பினர். மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகச் சங்கத்தினர் சிலர்மீது குற்றஞ் சுமத்தப்பட்டபோது, 1794 இல் கோமறைக் கழகத்தின் முன் விசாரிக்கப்பட்டவர். இவ்விரு முகங்களையும் பிரித்து நோக்குதல் பொருத்தமன்று.

நூலில் வரும் நோயாளர் அறுவர். அவர்களிற் சிலரைப் பாக்கின்சன் தெருவிலேயே கண்டார். ஐம்பதைக் கடந்த தோட்டக்காரர் ஒருவர், பல நாள் தம் இடக்கையை வருத்தி வேலை செய்தமையே நடுக்கத்தைத் தந்தது எனக் கருதினார். கடலோடி ஒருவர், ஸ்பானியச் சிறையில் மாதக்கணக்காக ஈரத்தரையிற் படுத்ததைக் காரணமாகக் கூறினார். இவ்விளக்கங்களை இன்றைய மருத்துவம் ஏற்காது. எனினும், நோயின் மூலத்தைத் தம் வாழ்நிலையில் தேடிய அக்குரல்கள் நூலில் இடம்பெற்றமை சாதாரண விடயமன்று. நோயின் இருப்பிடத்தைக் கழுத்துப் பகுதி முண்ணாணிற் கருதிய பாக்கின்சனும் தவறியவரே.

பின்னர் பாரிஸில் ஷார்கோ, நோயாளருக்கு உண்மையில் வாதம் இல்லை என்று கூறி, நோய்க்குப் பாக்கின்சனின் பெயரை இட்டார். மூளையின் ஒரு பகுதியிற் கலங்கள் அழிந்து டோபமின் குறைகின்றது என்பது 1960 அளவில் தெளிவாயிற்று. ஆயினும் நோய் நிர்ணயம் இன்றும் முதன்மையாக வைத்தியரின் கண்ணையே சார்ந்துள்ளது: அசைவுகள் மந்தமாதல், அதனுடன் ஓய்விலிருக்கும் உறுப்பின் நடுக்கமோ தசை விறைப்போ.

காரணம் பற்றிய விவாதமே சிக்கலானது. முதுமை முதன்மையான ஆபத்துக் காரணி. சிலரிற் பரம்பரையலகு மாற்றங்களும் உள. ஆனால் 1837 இலேயே கிளாஸ்கோவில் ஜோன் கூப்பர், வெளிற்றுந் தூள் தொழிற்சாலையில் மங்கனீசு அரைத்த தொழிலாளரிடம் இதனையொத்த தள்ளாட்டத்தைக் கண்டிருந்தார். அது வேறொரு நோயே. எனினும், தொழிற்றலத்து நஞ்சு மனிதரின் நடையையே மாற்றும் என்பது அன்றே பதிவாகிவிட்டது. 1982 இல் கலிபோர்னியாவில், கலப்படமான செயற்கைப் போதைமருந்தை ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் திடீரென விறைத்துப்போயினர். அவர்களைத் தாக்கிய நஞ்சு உடலுக்குள் மாறிப் பெறும் வடிவம், பரகுவாட் என்னும் களைகொல்லியை ஒத்த அமைப்புடையது. அதன்பின்னரே ஆய்வாளர் கவனம் வயல்களின்பாற் கூர்மையாகத் திரும்பியது.

பிரான்சு 2012 இல், பத்தாண்டுகளேனும் பூச்சிகொல்லிகளைக் கையாண்ட விவசாயத் தொழிலாளரிடையே இதனைத் தொழில்வழி நோயாக ஏற்றது. காரணத்தை நிறுவும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கியது. இலங்கையிலும் பரகுவாட் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. அதற்குக் காரணம் அதனை அருந்தி மாண்டோரே. முதுகிற் கொள்கலன் சுமந்து ஆண்டுக்கணக்காக அதைத் தெளித்தோரின் முதுமை அன்று. 2007 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைப்பட்ட பின்னரும், அதே பரகுவாட் இங்கிலாந்திலே உற்பத்தியாகி ஏழை நாடுகளுக்குக் கப்பலேறியது.