ஜேர்மானியச் சிற்றரசுகளின் வெள்ளி நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழிலே காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று நீங்கின் விளையுங் கேடு யாது என்பதற்கு, 1619 முதல் 1623 வரை ஜேர்மானிய நாடுகளில் நிகழ்ந்த நாணயக் குழப்பம் தக்க சான்றாகும்.

அக்காலத்தில் ஜேர்மனி ஓரரசின்கீழ் அமைந்த நாடன்று. பேரரசர் ஒருவர் இருந்தாராயினும், கோமக்களும் ஆயர்களும் தன்னாட்சி நகரங்களும் தத்தம் அக்கசாலைகளில் காசடிக்கும் உரிமை பெற்றிருந்தனர். பொகீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்க வெள்ளியில் 1520 அளவில் அடிக்கப்பட்ட பெருங்காசு, அவ்வூர்ப் பெயரால் தாலர் எனப்பட்டது. டொலர் என்னுஞ் சொல்லும் இதன் வழிவந்ததே. 1559இல் ஆக்ஸ்பேர்க்கில் வகுக்கப்பட்டு 1566இல் திருத்தப்பெற்ற பேரரசு நாணயச் சட்டம், ஏறத்தாழ 234 கிராம் கொண்ட ஒரு மார்க் தூய வெள்ளியில் 9 தாலர் அடிக்க வேண்டுமென விதித்தது. ஒரு தாலரின் பெறுமதி 68 குறொய்சர் ஆயிற்று.

இச்சட்டத்தில் ஒரு குறை இருந்தது. சில்லறைக் காசிலும் உயர்ந்த மாற்று வெள்ளி இருத்தல் வேண்டுமென அது வற்புறுத்தியது. ஒன்பது தாலர் அடிக்குங் கூலியும், அதே வெள்ளியிற் பல நூறு சிறுகாசு அடிக்குங் கூலியும் ஒன்றாகா. எனவே சட்டப்படி சில்லறை அடித்தோர்க்கு நட்டமே எஞ்சியது. சொந்தச் சுரங்கமில்லாச் சிற்றரசர் பலர் அக்கசாலைகளைக் குத்தகைக்கு விட்டனர். குத்தகைகாரர் மாற்றைக் குறைத்தனர்.

1618இல் முப்பதாண்டுப் போர் மூண்டதும், படைச்செலவு இத்தீமையைப் பெருக்கியது. அயல்நாட்டு நற்காசுகள் திரட்டி உருக்கப்பட்டன. செப்புக் கலங்களும் உலையேறின. தராசைச் சாய்த்து நிறைமிக்க காசைப் பொறுக்கினோரின் பெயரால் இக்காலம் ‘கிப்பர் விப்பர் காலம்’ எனப்பட்டது. பேரரசர் இரண்டாம் பேர்டினண்ட் 1622இல் பொகீமியா முதலிய நாடுகளின் அக்கசாலைகளை 60 இலட்சம் குல்டனுக்கு ஒரு குழுவினரிடம் குத்தகைக்கு விட்டார். லீக்டென்ஸ்டைன், வாலன்ஸ்டைன் ஆகிய பெருமக்கள் அதிற் பங்குகொண்டனர். அவர்கள் ஒரு மார்க் வெள்ளியில் 79 குல்டன் அடித்தனர். அவ்வாண்டில் தாலரின் விலை சில நகரங்களில் 600 குறொய்சர் வரை ஏறியது.

தாலரைச் சேமித்த செல்வர் தப்பினர். நாட்கூலி பெற்றோரும், வரையறுத்த சம்பளத்தில் வாழ்ந்த ஆசிரியரும் குருமாருமே நலிந்தனர். 1622இல் மக்டபேர்க் நகரில் கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. ஈற்றில், அரசர் வெளியிட்ட இழிகாசே வரியாக அவர்தம் கருவூலத்துக்கு மீண்டது. தம் வருவாயும் தேய்ந்ததைக் கண்ட பின்னரே அவர்கள் திருந்தினர். 1623இல் தாலர் 90 குறொய்சராக நிலைபெற்றது. எனினும் இழிகாசை வைத்திருந்த எளியோரின் இழப்பு ஈடுசெய்யப்படவில்லை.

பெருங்காசின் தூய்மையைக் காத்த சட்டம், சிறுகாசின் ஆக்கச்செலவை எண்ணத் தவறியது. ஏழையரின் வாழ்வு அச்சிறுகாசிலேயே தங்கியிருந்தது.