வேர்நுனியும் ஓர் உவம உருபும்

1880இல் சார்லஸ் டார்வின், தன் மகன் பிரான்ஸிஸின் துணையோடு, தாவரங்களின் அசைவு பற்றி ஒரு தடித்த நூலை வெளியிட்டார். வேர்நுனியைக் கீழ்நிலைப் பிராணியொன்றின் மூளைக்கு ஒப்பிட்டு அந்நூல் முடிகிறது. ஒப்பிட்டு, அவ்வளவுதான். அந்தப் ‘போல’வுக்குப் பிற்பாடு நேர்ந்த கதியே இக்கட்டுரையின் விஷயம். தொல்காப்பியம் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு தந்திருப்பதைக் காட்டி, இதெல்லாம் நமக்கு முன்பே தெரியும் என்று மார்தட்டுவது சுலபம். என் அக்கறை அதிலில்லை. ஓர் உவமை எதுவரை அறிவைத் தருகிறது, எங்கிருந்து அறிவைக் கெடுக்கத் தொடங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

டௌன் கிராமத்து வீட்டில் அவர்கள் கையாண்ட கருவிகள் எளியவை. முளையில் ஒட்டிய மெல்லிய கண்ணாடி இழை, அதன் முனையில் கறுப்பு அரக்குத் துளி, எதிரே ஒரு கண்ணாடிப் பலகை. முளை நகர நகரப் பலகையில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். கானரிப் புல்லின் முளை வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. வளைவு தெரிவது நுனிக்குக் கீழே. நுனிக்கு மட்டும் வெள்ளீயத் தாளில் குல்லாய் போட்டு மூடியபோது, மற்ற பகுதி வெளிச்சத்தில் நின்றும், பெரும்பாலான முளைகள் வளையவில்லை. உணர்வது ஓரிடம், அசைவது வேறிடம், நடுவே ஏதோ ஒன்று இறங்கிப் போகிறது என்று டார்வின் கண்டார்.

வூர்ட்ஸ்பர்கில் இருந்த யூலியுஸ் ஸாக்ஸ் இதை ஏற்கவில்லை. தாவர உடலியலில் அன்று அவர் பீடாதிபதி. பிரான்ஸிஸே 1878, 1879 கோடைகளில் அவரிடம் போய் வேலை கற்றவர். ஸாக்ஸின் உதவியாளர் வேர்நுனிச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது முடிவு நேர்மாறாக வந்தது. டார்வின்களின் சோதனைகள் கைத்திறன் இல்லாதவை, தவறாக விளக்கப்பட்டவை என்று 1882இல் வெளியான தன் விரிவுரைகளில் ஸாக்ஸ் ஒதுக்கினார். அதே வருஷம் ஏப்ரலில் டார்வின் இறந்தார். வீட்டில் தொட்டி வைத்துக்கொண்டு செய்வது ஆராய்ச்சியாகாது என்ற தொனியை இதில் கேட்கிறேன். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது பழக்கமான தொனி.

வழக்கு டார்வின் பக்கம் திரும்பியது மெதுவாக. 1910களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனில் பாய்ஸன்-யென்ஸன் முளையின் நுனியை வெட்டி, நடுவே ஜெலாட்டின் வைத்து மறுபடி பொருத்தினார்; முளை வளைந்தது. நிழல்பக்கத்தில் மைக்காத் தகடு செருகினால் வளையவில்லை. 1926இல் உட்ரெக்டில் பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளைகளின் நுனிகளை அகார் கட்டிமேல் கொஞ்சநேரம் வைத்தெடுத்து, அந்தக் கட்டியை மட்டும் நுனியற்ற முளையில் ஒருபக்கமாக வைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கம் வளைந்தது. இறங்கிப் போவது ஒரு ரசாயனம். பின்னால் அதற்கு ஆக்ஸின் என்று பெயர் வந்தது. அது நிழல்பக்கம் கூடுதலாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன. அதனால் முளை ஒளிப்பக்கம் சாய்கிறது. நீல ஒளியை ஏற்கும் புரதத்தின் மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது.

இந்த வெற்றியில் மூளை எங்குமில்லை. நரம்புமில்லை. உவமை காட்டிய பொருள் கிடைக்கவில்லை; அது காட்டிய உறவு கிடைத்துவிட்டது. நல்ல உவமை செய்யக்கூடிய வேலை இதுதான்.

2005இல் சில ஆராய்ச்சியாளர்கள் ‘தாவர நரம்பியல்’ என்று துறைக்குப் பெயரிட்டுச் சங்கமும் கண்டார்கள். நியூரானும் மூளையும் இல்லாத இடத்தில் அந்தப் பெயர் எதையும் விளக்கவில்லை என்று 2007இல் 36 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். பிறகு சங்கமே பெயரை மாற்றிக்கொண்டது. உவமைத்தொகையில் உருபு மறைந்திருக்கிறது என்பது வாசகனுக்குத் தெரியும். இங்கே மறைந்தது மறந்தும் போயிற்று.

செடிக்கு மூளையை இரவல் கொடுப்பது அதைக் கௌரவிப்பதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூளையே இல்லாமல் ஓர் உயிர் திசையறிந்து வளர்கிறது என்பதல்லவா வியப்பு? அந்த வியப்பைத்தான் நம்முடைய தாராளம் அழிக்கிறது.