பக்கவாட்டில் வரும் எதிரி!

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பர்மா தேக்கையும் இத்தாலி மார்பிளையும் பற்றித்தான் மாய்ந்து மாய்ந்து பேசுவார்கள். காலுக்கடியில் இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? கடப்பாரை போட்டால் 'ணங்' என்று சத்தம் வரும் செம்புராங்கல் பூமி காரைக்குடிப் பக்கம். அத்தனை பாரத்தையும் அலட்டிக்கொள்ளாமல் தாங்குகிறது.

எல்லா ஊருக்கும் அப்படி வாய்க்குமா? கடலோரக் களிமண்ணில் 'பைல்' எனப்படும் நீண்ட கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கி, அவற்றின் தலைமேல்தான் கட்டடம் எழுப்ப முடியும். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் பைல் சமாளித்துவிடும். அதன் எதிரி பக்கவாட்டில் வருகிறான்! ஈர மணலில் ஒரு குச்சியை ஊன்றி, சும்மா விரலால் தள்ளிப் பாருங்கள்... புரியும்.

2001, ஜனவரி 26. குஜராத் பூகம்பம். காண்ட்லா துறைமுகத்தில் 22 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம் ஒன்று, 18 மீட்டர் நீளமுள்ள 32 பைல்கள்மீது நின்றுகொண்டிருந்தது. மேலே 10 மீட்டருக்குக் களிமண், அதன் கீழே மணல். குலுங்கிய குலுக்கலில், நீரில் ஊறிய மணல் கூழாகிவிட்டது. பைல்களின் நுனி ஊன்றியிருந்ததோ அந்த மணலில்தான்! சுற்றியிருந்த தரையும் பக்கவாட்டில் நகர, கோபுரம் சாய்ந்தது. உச்சி சுமார் 30 சென்டிமீட்டர் விலகிப்போனது. நல்லவேளை, விழவில்லை. பைல்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த அகலமான கான்கிரீட் தளம் களிமண்மேல் உட்கார்ந்து தாங்கிக்கொண்டது.

சாய்ந்தது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருந்தால்?

ஜப்பானின் நீகாட்டா நகரில் 1964 ஜூன் 16-ல் பூகம்பம். அங்கிருந்த என்.ஹெச்.கே. ஒலிபரப்பு நிறுவனக் கட்டடத்தை ரிப்பேர் பார்த்துத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். சுமார் 20 வருடம் கழித்து அஸ்திவாரத்தைத் தோண்டியபோதுதான் அதிர்ச்சி... பைல்கள் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று முறிந்து கிடந்தன! கெட்டி மண்ணும் இளகிய மண்ணும் சந்திக்கும் இடங்களை ஒட்டித்தான் முறிவு. அத்தனை வருடமும் ஒடிந்த கால்களின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்!

இதற்கு வைத்தியம் உண்டு. மண்ணையே பலப்படுத்துவது. துளைபோட்டுச் சரளைக்கல்லை இடித்து இறக்கலாம். களிமண்ணோடு சிமென்ட் கலக்கலாம். மணலை அதிரவைத்து இறுக்கலாம். 1995 கோபே பூகம்பத்தின்போது, அங்கே கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவுகளில் இப்படி இறுக்கிய பகுதிகள் பெருமளவு தப்பின.

பக்கவாட்டில் தள்ளும்போது பைல் அதிகம் வளைவது மேலே உள்ள சில மீட்டருக்குள்தான். அந்த மண்ணைக் கெட்டியாக்கினாலே நல்ல பலன். 'ஆஹா, சுலபமாச்சே' என்று மேலோடு நிறுத்திவிடக் கூடாது! அடியில் கூழாகும் மணல் இருந்தால், கெட்டி மண் முடிகிற இடமே பைலின் கழுத்தை முறிக்கும் இடமாகிவிடும். நீகாட்டா சொன்ன பாடம் அதுதான்.

நம்ம ஊருக்கு ஏன் இதெல்லாம் என்கிறீர்களா? 2002-ல் சென்னையை பூகம்ப அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். சென்னையிலோ களிமண்ணும் சதுப்பும் ஏராளம். ஃப்ளாட் பார்க்கப் போனால் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறோம், குழாயைத் திறந்து பார்க்கிறோம். அப்படியே, 'மண் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க சார்' என்றும் கேட்டுவையுங்கள்!