சில்லறையா, பற்றுச்சீட்டா? அமெரிக்க உள்நாட்டுப் போரின் சட்லர் டோக்கன்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால (1861–65) டோக்கன்களைச் சேகரிப்போர் அவற்றை நாட்டுப்பற்று டோக்கன்கள், கடை டோக்கன்கள், சட்லர் டோக்கன்கள் என மூன்றாகப் பிரிக்கிறார்கள். சட்லர் என்பவர் ரெஜிமென்ட்டோடு கூடவே நகர்ந்து, கூடாரம் போட்டுக் கடை நடத்திய வணிகர். மூன்று வகையும் சில்லறைத் தட்டுப்பாட்டில் பிறந்தவை என்பது பரவலான விளக்கம். முதலிரண்டுக்கும் அது சரி. 1862 நடுவில் வெள்ளிக் காசுகள் பதுக்கப்பட்டு, தபால்தலையே பணமாக ஓடிய காலம் அது. சட்லர் டோக்கனோ அடிப்படையில் கடன் பற்றின் கருவி என்பது என் வாதம்.

டோக்கனே இதற்கு முதற்சான்று. கடை டோக்கன்களில் பெரும்பாலானவை சென்ட் அளவில் அடிக்கப்பட்டு, ஒரு சென்ட்டின் இடத்தில் புழங்கியவை. சட்லர் டோக்கன்களில் 5, 10, 25, 50 சென்ட் மதிப்புகள் வருகின்றன. சின்சினாட்டி அச்சுவெட்டி ஜான் ஸ்டாண்டன் இவற்றில் பலவற்றைச் செய்து கொடுத்தார். அத்தகைய பித்தளை வில்லை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒருபுறம் வணிகரின் பெயர், 'சட்லர்' என்ற சொல், ரெஜிமென்ட்டின் எண், மறுபுறம் மதிப்பு, கூடவே 'சரக்காக' என்ற நிபந்தனை. ரொக்கம் கிடையாது, என் கூடாரத்துச் சரக்குதான் என்று அது கறாராகச் சொல்கிறது. பக்கத்து ரெஜிமென்ட்டின் சட்லர் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியது, பல மாதம் தள்ளிப்போகும். அதுவரை புகையிலைக்கும் பாலாடைக்கட்டிக்கும் சட்லரிடம் பற்று எழுதி டோக்கன் வாங்கினார்கள். சம்பள நாளில் பிடித்தம் நடந்தது. 1862 மார்ச் 19-ஆம் நாள் சட்டம் சட்லரின் பிடிப்புரிமையை மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்காக வரையறுத்தது. அதாவது ஏறத்தாழ 2 டாலர் 16 சென்ட். நான்கு 50 சென்ட் டோக்கன்களில் அந்த வரம்பு அநேகமாக முடிந்துவிடும். சட்டம் வந்தது மார்ச்சில். சில்லறை மறைந்ததோ கோடையில். நோய்க்கு முன்பே மருந்து வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சட்டம் கட்டுப்படுத்த முனைந்த பற்றுவழக்கம் தட்டுப்பாட்டுக்கு மூத்தது.

முகாமுக்குள் இவை சில்லறையாகவும் கைமாறியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. தட்டுப்பாடு அவற்றின் தேவையைக் கூட்டியும் இருக்கும். ஆனால் அது இரண்டாம் பயன்.

இந்த வேறுபாடு சேகரிப்பவருக்கு ஏன் முக்கியம்? உலோகம், அச்சு வேறுபாடு, அரிய தன்மை ஆகியவற்றை மட்டும் பார்த்து அடுக்கினால் டோக்கன் தன் கணக்குப் புத்தகத்திலிருந்து பிய்த்த தாளாகிவிடுகிறது. டேவிட் ஷெங்க்மன் 1983-இல் வெளியிட்ட நூல் உலோக டோக்கன்களோடு அட்டைச் சீட்டுகளையும் சேர்த்துப் பட்டியலிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். பளபளப்பில்லாத அந்த அட்டைத்துண்டும் அதே கடனைத்தான் சுமந்தது. படையினரின் சம்பளப் பட்டியல்களில் சட்லருக்குச் சேரவேண்டிய தொகை பற்றிய குறிப்புகள் உண்டு. டோக்கனின் ரெஜிமென்ட் எண்ணைக் கொண்டு அந்தப் பட்டியலைத் தேடி, இரண்டையும் ஒரே உறையில் வைப்பதே நான் வேண்டும் முறை.